ஒரே குடும்பப் பெயர், பல குடிவழிகள்: சேர்ந்து ஆராய்வோருக்கான வழிகாட்டி

ஒரே குடும்பப் பெயரைத் தாங்கிய சிலர் தத்தம் முன்னோரைத் தனித்தனியே தேடிக்கொண்டிருந்து, ஒரு கட்டத்தில் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். ஒருவரிடம் பாட்டி எழுதிவைத்த குறிப்பேடு இருக்கும். இன்னொருவரிடம் 1780களைச் சேர்ந்த திருமணப் பதிவின் நகல் இருக்கும். மூன்றாமவர் மரபணுச் சோதனை செய்து முடிவைக் கையில் வைத்திருப்பார். எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் பொது மூதாதையர் அகப்பட்டுவிடுவார் என்ற மகிழ்ச்சியில், முதல் வேலையாக மூவரும் தங்கள் வம்ச வரைபடங்களை இணைத்துவிடுகிறார்கள். கூட்டு ஆய்வு சிக்கலாகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நாளில்தான். ஏனெனில், வரைபடம் என்பது ஒருவர் எட்டிய முடிவு. அந்த முடிவு எந்தப் பதிவிலிருந்து பிறந்தது என்பது பிறருக்குத் தெரியாது. ஒருவரின் தவறான ஊகம் மற்ற இருவரின் வரைபடங்களுக்குள்ளும் நுழைந்தபின், மூன்று இடங்களில் இருக்கிறது என்பதே அதற்குச் சான்றாகிவிடுகிறது. ஆகவே, பதிவுகளை முதலில் ஒன்றுசேர்த்து, வரைபடங்களைக் கடைசிவரை தனித்தனியாகவே வைத்திருப்பதுதான் இவ்வழிகாட்டி வற்புறுத்தும் முறை.

பெயரின் தோற்றத்தை முதலில் ஆராய்தல்

நாம் ஆராயும் பெயர் ஓரிடத்தில் ஒருவரிடம் தோன்றியதா, பல இடங்களில் பலரிடம் தோன்றியதா என்ற கேள்வியைக் குழு தொடக்கத்திலேயே எழுப்பிக்கொள்ள வேண்டும். தொழிலால் வந்த பெயர்கள் எங்கும் தானாக முளைப்பவை. ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மிட், ஹங்கேரிய மொழியில் கோவாச் ஆகிய மூன்றும் கொல்லரைக் குறிப்பவை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கொல்லர் இருந்தார் என்பதால், அப்பெயர் உடையவர்களுக்குப் பொது மூதாதையர் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தந்தையின் பெயரிலிருந்து பிறந்த ஜான்சன் போன்ற பெயர்களுக்கும் இது பொருந்தும். சிற்றூர் ஒன்றின் பெயரிலிருந்து வந்த அரிய பெயர்களோ ஒரே குடும்பத்தில் தோன்றியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாத குழு, தொடர்பே இல்லாத குடிவழிகளை இணைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க நேரும்.

பெயர் எப்போது நிலைபெற்றது என்பதும் அதே அளவு முக்கியமானது. நெதர்லாந்தில் 1811ஆம் ஆண்டு நெப்போலியனின் ஆணை, குடும்பப் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு மக்களைப் பணித்தது. துருக்கியில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே குடும்பப் பெயர் கட்டாயமாயிற்று. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோர் தந்தை அல்லது தாயின் பெயரையே தம் பெயருக்குப் பின் இட்டுக்கொள்கிறார்கள். நார்வேயில் ஒருவர் வாழ்ந்த பண்ணையின் பெயரே அவருக்கு அடையாளமாக இருந்ததால், பண்ணை மாறினால் பெயரும் மாறியது. இத்தகைய இடங்களில், பெயர் நிலைபெற்ற ஆண்டுக்கு முன்னால் பெயரைப் பின்தொடர்வதில் பயனில்லை. அங்கிருந்து பின்னோக்கி மனிதரையும் நிலத்தையும் பின்தொடர வேண்டும்.

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களைப் பற்றி ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் வழங்கும் ஒரு கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரி ஒருவர் தாத்தாவின் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பது அக்கதை. உண்மையில் பயணிகளின் பட்டியல், கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. தீவின் அதிகாரிகள் அந்தப் பட்டியலை வைத்தே கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றங்களில் பெரும்பாலானவை, குடியேறியவர்கள் பள்ளியிலும் வேலையிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் தாமாகச் செய்துகொண்டவை. பழைய பெயரைத் தேட வேண்டிய இடம் புறப்பட்ட துறைமுகத்தின் பட்டியலும் குடியுரிமைக் கோப்பும் ஆகும்.

பொதுப் பதிவேட்டை அமைத்தல்

குழுவின் முதல் உடைமை ஒரு பொதுப் பதிவேடாக இருக்கட்டும். அதற்கு ஓர் எக்செல் தாளே போதும். ஒரு வரியில் ஒரு நிகழ்வு மட்டுமே இருக்க வேண்டும்: ஒரு ஞானஸ்நானம், ஒரு திருமணம், ஓர் அடக்கம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வீடு, ஓர் உயில் என்ற அளவில். ஒவ்வொரு வரிக்கும் மாறாத எண் ஒன்று தர வேண்டும். வரி தவறு என்று பின்னர் தெரிந்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே ஒரு கட்டத்திலும், நாம் பொதுவாக வழங்கும் வடிவத்தை அடுத்த கட்டத்திலும் எழுத வேண்டும். மூலப் பதிவேட்டின் படத்தைப் பார்த்து எழுதியதா, பிறர் படியெடுத்ததைப் பார்த்ததா, வெறும் அகரவரிசைப் பட்டியலில் கண்டதா என்பதற்கு ஒரு கட்டம் வேண்டும். என் கருத்தில் இந்த ஒரு கட்டம்தான் பதிவேடு முழுவதிலும் மதிப்பு மிக்கது; குழுக்கள் எளிதில் மறந்துவிடுவதும் இதைத்தான்.

இன்னார் இன்னாரின் மகன் என்ற ஊகம் இந்தப் பதிவேட்டுக்குள் வரவே கூடாது. அதற்குத் தனியாக ஒரு தாள் வைத்து, ஒவ்வோர் ஊகத்துக்கும் எதிரே அதற்கு ஆதாரமான பதிவு எண்களை எழுதிவந்தால், ஒரு பதிவு தவறென்று தெரியும் நாளில் எந்தெந்த முடிவுகள் அதனோடு சேர்ந்து விழுகின்றன என்பதைச் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம்.

வேலையைப் பிரிக்கும்போது, தம் சொந்தக் கிளையை அவரவரிடமே விட்டுவிடுவது இயல்பாகத் தோன்றும். எனினும் பதிவேடுகளை இடவாரியாகப் பிரித்துக்கொள்வதே மேலானது. ஒருவர் ஒரு பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) பதிவேட்டை எடுத்துக்கொண்டு, அதில் நம் குடும்பப் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும், தமக்கு உறவா இல்லையா என்று பார்க்காமல் படியெடுக்க வேண்டும். தனக்கு வேண்டியவரை மட்டும் தேடுபவர், அதே பெயரில் அதே ஊரில் வாழ்ந்த இன்னொருவரைக் காண்பதே இல்லை. 1979ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ் என்னும் அமைப்பு, ஒரு பெயரைத் தாங்கிய எல்லோரையும் திரட்டும் இந்த முறையை அடிப்படையாகக் கொண்டே இயங்கிவருகிறது.

தரவைப் பரிமாறிக்கொள்ள ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் 1984 முதல் வழக்கில் உள்ளது, அதன் 7.0 பதிப்பு 2021இல் வெளியானது. ஏறத்தாழ எல்லா மென்பொருள்களும் இதைப் படிக்கும் என்றாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் படங்களும் குறிப்புகளும் சான்றுகளும் உதிர்ந்துவிடுவது உண்டு. ஆகையால் ஜெட்காம் கோப்பை எவர் அனுப்பினாலும் அதைத் தனிக் கோப்பாகத் திறந்து படிக்கலாமே தவிர, நம் கோப்புக்குள் நேரே கொட்டிவிடக் கூடாது.

ஒரே பெயரில் இருவர்: ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக ஒரு நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். இங்கிலாந்தின் ஒரு பங்கில், நம் குடும்பப் பெயருடன் 1786ஆம் ஆண்டு ஜான் என்பவர் மேரி என்பவரை மணந்திருக்கிறார். இவர் 1761இல் ஞானஸ்நானம் பெற்ற, வில்லியமின் மகன் என்று குழுவில் இருவர் தம் வரைபடத்தில் எழுதியிருக்கிறார்கள். 1764இல் ஞானஸ்நானம் பெற்ற, தாமஸின் மகன் என்று மூன்றாமவர் எழுதியிருக்கிறார். இருவர் சொல்வதால் முதல் கூற்று வலுவானதாகத் தோன்றும். ஆனால் அவ்விருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் அடக்கப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் பெருவாரியாக இறந்த காலம் அது. ஞானஸ்நானப் பதிவைக் கண்டவுடன் அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானது என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நேரும் பிழை. அவ்வாறு தேடும்போது 1763ஆம் ஆண்டில் 'வில்லியமின் மகன் ஜான்' என்று ஓர் அடக்கம் கிடைக்கிறது எனக் கொள்வோம். 1761இல் பிறந்தவர் இரண்டு வயதில் இறந்துவிட்டார். இத்துடன் தாமஸின் மகனே மணமகன் என்று முடித்துவிடவும் முடியாது. இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு இடுவது அங்கே பரவலாக இருந்தது. மீண்டும் ஞானஸ்நானப் பக்கங்களைப் புரட்டினால், 1766இல் வில்லியமுக்கு இன்னொரு ஜான் பிறந்திருப்பது தெரிகிறது. ஆக, வளர்ந்து ஆளாகியிருக்கக்கூடியவர்கள் இப்போதும் இருவர்.

அடுத்து, திருமணப் பதிவின் மூலப் படத்தைப் பார்க்க வேண்டும். 1754 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டத்தின்படி, மணமக்களும் சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி இட்டார்கள். 1786இல் மேரியை மணந்த ஜான் தெளிவாகக் கையெழுத்திட்டிருக்கிறார். அதே பங்கில் 1791இல் ஆன் என்பவரை மணந்த ஜான் சிலுவைக் குறி இட்டிருக்கிறார். இரு மணமகன்களும் வெவ்வேறு மனிதர்கள் என்பதற்கு இது நல்ல அறிகுறி. இந்த வேறுபாடு அகரவரிசைப் பட்டியலில் தெரியவே தெரியாது. மூலத்தைப் பார்த்தோமா என்ற கட்டத்தை நான் அவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். அந்தச் சட்டம் இன்னொரு குறிப்பையும் தருகிறது. 1766இல் பிறந்தவருக்கு 1786இல் வயது இருபதுதான். இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணம் செய்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். திருமணம் உரிமத்தின் பேரில் நடந்து, சம்மதம் குறிக்கப்படாமல் இருந்தால், மணமகன் 1764இல் பிறந்தவராக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

கடைசியாக, மணமகனைச் சுற்றியிருந்தவர்களைப் பார்க்க வேண்டும். 1786ஆம் ஆண்டுத் திருமணத்தின் சாட்சி, தாமஸின் மகளை மணந்தவராக இருக்கலாம். தாமஸ் பின்னாளில் எழுதிய உயிலில் 'என் மகன் ஜானுக்கும் அவன் மனைவி மேரிக்கும்' என்று ஒரு வரி இருந்தால், கேள்வி தீர்ந்தது. சாட்சி, அண்டைவீட்டார், ஞானப்பெற்றோர், உயிலை நிறைவேற்றியவர் ஆகிய எல்லோரின் பெயர்களையும் படியெடுக்க வேண்டும் என்பது இதற்காகவே. ஒரே பெயருடைய இருவரைப் பிறந்த தேதியைக் கொண்டு பிரிக்க முடியாதபோது, அவர்கள் யாரோடு பழகினார்கள் என்பது பிரித்துக்காட்டிவிடும்.

தேதியும் வயதும்

இங்கிலாந்தில் 1751 வரை ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கியது. ஒரு தம்பதியின் திருமணம் 1740 ஜூன் என்றும், முதல் குழந்தையின் ஞானஸ்நானம் 1740 பிப்ரவரி என்றும் பதிவேட்டில் இருந்தால், குழந்தை திருமணத்துக்கு முன் பிறந்ததாகக் கருதி வேறு பெற்றோரைத் தேடத் தொடங்குபவர்கள் உண்டு. அந்த பிப்ரவரி, நம் கணக்கில் 1741 பிப்ரவரி. திருமணமாகி எட்டு மாதம். இத்தகைய தேதியை 1740/41 என்று இரண்டு ஆண்டுகளையும் காட்டி எழுதுவது குழுவின் கட்டாய விதியாக இருக்கட்டும். பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் அங்கே செப்டம்பர் 14 ஆயிற்று. இத்தாலியும் ஸ்பெயினும் இம்மாற்றத்தை 1582இலேயே செய்துவிட்டன. ரஷ்யா 1918வரை செய்யவில்லை. பல நாடுகளில் பரவிய குடும்பத்தை ஆராயும் குழு, எந்தத் தேதி எந்த நாட்காட்டிக்கு உரியது என்பதையும் பதிவேட்டில் குறித்தாக வேண்டும்.

வயதை எப்போதும் தோராயமாகவே கொள்ள வேண்டும். 1841ஆம் ஆண்டின் இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே அங்கே 35 என்று இருப்பவருக்கு 39 வயதுகூட இருக்கலாம்.

பதிவு இல்லாத இடத்தையும் குழு குறித்துவைக்க வேண்டும். அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922இல் எரிந்தது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் மீளாமற்போயிற்று. ஒருவர் அங்கே அகப்படவில்லை என்பதால் அவர் அங்கு வாழவில்லை என்று ஆகாது. தேடிய பதிவேடு, தேடிய ஆண்டுகள், இடையில் கிழிந்த பக்கங்கள் ஆகியவற்றை எழுதிவைத்தால், அதே இடத்தை மூன்று பேர் மூன்று முறை தேடி அலுத்துப்போவதும் தவிரும்.

எழுத்துக்கூட்டலின் வேறுபாடுகள்

எழுதத் தெரியாதவரின் பெயரை, எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். 'எங்கள் குடும்பம் இந்த ஒரு எழுத்துக்கூட்டலைத்தான் என்றும் பயன்படுத்தியது' என்ற உறுதிப்பாட்டைக் கைவிடாமல் இந்த ஆய்வில் முன்னேற முடியாது. ஒரே பக்கத்தில் தந்தைக்கு ஒரு விதமாகவும் மகனுக்கு இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

தேடுபொறிகள் பலவற்றில் உள்ள சவுண்டெக்ஸ் முறை, 1918இல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்யொலிகளை மூன்று இலக்கங்களாக மாற்றும் முறை இது. அதன் குறை முதல் எழுத்திலேயே இருக்கிறது. 'ரைட்' என்று ஒலிக்கும் ஆங்கிலப் பெயரை ஓர் எழுத்தர் டபிள்யூவில் தொடங்கியும் மற்றவர் ஆரில் தொடங்கியும் எழுதினால், சவுண்டெக்ஸ் இரண்டையும் சேர்த்துக் காட்டாது. எனவே நம் பெயருக்குப் பதிவேடுகளில் கண்ட எல்லா வடிவங்களையும், எங்கே எந்த ஆண்டில் கண்டது என்ற குறிப்புடன், குழு தனிப் பட்டியலாகத் தொகுத்துவர வேண்டும். கையெழுத்தைத் தவறாகப் படித்ததால் உண்டான வடிவங்களும் அதில் இடம்பெறட்டும். அந்த மனிதர் அப்பெயரால் அழைக்கப்பட்டிராவிட்டாலும், பட்டியலில் அவரைக் கண்டுபிடிக்க அந்தத் தவறான வடிவமே வழி.

மரபணுச் சோதனையைக் கையாளுதல்

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிதும் மாறாமல் வருவதால், தந்தைவழியில் இறங்கும் குடும்பப் பெயருடன் அதை ஒப்பிட முடிகிறது. பிரையன் சைக்ஸ் என்ற மரபியலாளர், தம் குடும்பப் பெயரைத் தாங்கிய ஆண்களையே ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரே வகை ஒய் குரோமோசோமைக் கொண்டிருந்தார்கள். அப்பெயர் ஒருவரிடமிருந்தே தொடங்கியிருக்கலாம் என்பதற்கு அது ஆதாரமாயிற்று. அதே வேளையில், மற்றப் பாதியினர் அந்தத் தொடரில் இல்லை என்பதையும் அது காட்டியது.

சோதனை செய்ய ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் குழுவின் திறமை இருக்கிறது. ஒரு குடிவழியில் உடன்பிறந்தார் இருவரைச் சோதிப்பதால் பழைய தலைமுறைகளைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியாது. அந்தக் குடிவழியில் மிக முன்பே பிரிந்த இரு கிளைகளிலிருந்து ஒவ்வோர் ஆணைச் சோதிக்க வேண்டும். இருவரும் பொருந்தினால், இடையிலுள்ள எல்லாத் தலைமுறைகளின் தந்தைவழித் தொடர்ச்சிக்கும் ஒரே சமயத்தில் வலுவான ஆதரவு கிடைத்துவிடும். பெண் ஆய்வாளர்கள் தம் தந்தையையோ உடன்பிறந்த ஆணையோ சிற்றப்பாவையோ கேட்டுக்கொள்ளலாம். ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களான குறிகளில் 37உம் பொருந்திய இருவருக்குத் தந்தைவழிப் பொது மூதாதையர் அண்மைத் தலைமுறைகளில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்லலாம். அவர் யார் என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

பொருந்தாமை வந்தால் பதறத் தேவையில்லை. தத்து, தாயின் மறுமணம், தாயின் பெயரை ஏற்ற குழந்தை என்று காரணங்கள் பல உண்டு. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரில் தோண்டியெடுக்கப்பட்டபோது, தாய்வழி மரபணு இன்றைய உறவினருடன் பொருந்தியது. ஆவணப்படி அவருடைய தந்தைவழி உறவினரான ஐவரின் ஒய் குரோமோசோமோ பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவர் மற்ற நால்வருடன் பொருந்தவில்லை. அரச குடும்பத்தின் நன்கு எழுதப்பட்ட வம்சாவளியிலேயே இவ்வாறு என்றால், நம் குடிவழியில் ஓர் இடைமுறிவு இருப்பது வியப்புக்கு உரியதன்று.

இரு பாலாரும் செய்துகொள்ளும் பொது மரபணுச் சோதனை அண்மை உறவுகளுக்கே உதவும். ஒரே எள்ளுத் தாத்தாவின் வழிவந்தவர்களில்கூட ஏறத்தாழ பத்தில் ஒரு இணைக்குப் பொதுவான மரபணுத் துண்டு எதுவும் அகப்படாது. அதற்கும் ஒரு தலைமுறை மேலே போனால் பாதி இணைகளுக்கு அகப்படாது. ஆகவே பொருத்தம் இல்லை என்பதை உறவு இல்லை என்று படிக்கக் கூடாது.

சோதனைக்கு முன் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். எதிர்பாராத தந்தை, அறியாத உடன்பிறப்பு ஆகியவை வெளிப்படலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜெட்மேட்ச் என்ற மரபணுத் தரவுத்தளத்தைக் கொண்டு கலிபோர்னியக் காவல்துறை 2018இல் பழைய கொலை வழக்கு ஒன்றில் குற்றவாளியை உறவினர் வழியாகக் கண்டறிந்த பிறகு, தம் தரவை யார் பார்க்கலாம் என்ற கேள்வியை எவரும் புறக்கணிக்க இயலாது. உயிரோடு இருப்பவர்களின் பெயரும் பிறந்த நாளும் குழுவுக்கு வெளியே போகவே கூடாது.

கருத்து வேறுபாடும் காப்பும்

இரு உறுப்பினர்கள் ஒரு மூதாதையரைப் பற்றி மாறுபட்டால், வாக்கெடுப்பு நடத்துவதில் பொருளில்லை. ஒவ்வொருவரும் தம் வாதத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதட்டும்: எங்கெல்லாம் தேடினேன், எந்தப் பதிவு எண்கள் ஆதரவு, எவை எதிர், எதிரானவற்றை எப்படி விளக்குகிறேன் என்று. அப்படி எழுத உட்காரும்போது பாதிச் சச்சரவுகள் அடங்கிவிடுகின்றன, ஏனெனில் எதிரான பதிவை விளக்க முடியாதவருக்கு அது தானாகவே புலப்படுகிறது. எஞ்சியவற்றை 'தீராதது' என்று குறித்து, இரு வாதங்களையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் நெடுங்காலம் நம்பிவந்த கதை தவறென்று தெரியும்போது, அதை அவரிடம் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கதையையும் அழிக்காமல், யார் சொன்னது, எப்போது கேட்டது என்ற குறிப்புடன் பதிவேட்டில் வைக்க வேண்டும். அத்தகைய கதைகளில் ஊர்ப்பெயரோ தொழிலோ சரியாக இருந்து, தலைமுறை மட்டும் மாறியிருப்பது உண்டு.

ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் கணினியில் மட்டும் எல்லாம் இருக்கும் நிலை, அவர் நோயுற்றாலோ இறந்தாலோ பல ஆண்டு உழைப்பை ஒரே நாளில் இல்லாமலாக்கிவிடும். பதிவேட்டையும் வாதங்களையும் படங்களையும் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் தத்தம் இடத்தில் முழுமையாக வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேதியிட்டு ஒரு நகலை அச்சிட்டு, குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்த பகுதியின் நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ, பெற்றுக்கொள்ள இசைவார்களா என்று கேட்டு ஒப்படைக்க வேண்டும். அந்த நகலின் முதல் பக்கத்தில், எந்தெந்தப் பதிவேடுகள் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை முழுமையாகப் படிக்கப்பட்டன, எவை இன்னும் திறக்கப்படவில்லை என்ற பட்டியல் இருக்கட்டும். அடுத்து வேலையை ஏற்பவர் அங்கிருந்து தொடங்குவார்.